எங்கள் ஒட்டுக் கொப்பிகள்



பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் படித்தவர்கள் நாங்கள். கடையில் பசை இல்லை. கோதுமை மாவைக் காய்ச்சி ஒட்டினோம். வர்ணச் சஞ்சிகைகளும் அரிது. சவர்க்கார உறை, பழைய முத்திரை, கலியாணக் காட், காய்ந்த வேப்பம்பூ என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தோம். பக்கத்தை நிரப்புவதே எங்கள் பாணி. ஒருத்தி மட்டும் நடுவில் ஒன்றை ஒட்டிவிட்டு மீதியை வெறுமையாக விடுவாள். “கடதாசி வீண்” என்று அவளை ஏசியவர்களும் நாங்கள்தான்.

1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் கொப்பிகளைக் கொண்டுபோக முடியவில்லை. 1996இல் திரும்பியபோது மாப்பசையைக் கரப்பான் தின்றிருந்தது. தப்பியது அவளுடைய கொப்பிதான். பசை குறைவல்லவா!

நாற்பது கடந்து, இப்போது மீண்டும் ஒட்டுகிறோம். அமிலமற்ற தாள் கிடைக்கிறது. மஞ்சளாகிப்போகும் பத்திரிகைத் துண்டுகளைப் பிரதி எடுத்தே ஒட்டுகிறோம். இணைய மாதிரிகளைப் பார்த்துச் செய்தவை அழகாகத்தான் வந்தன. ஆனால் எது யாருடையது என்று எங்களுக்கே தெரியவில்லை. மருந்துச் சிட்டை எழுதும் கிறுக்கல் எழுத்திலேயே படங்களுக்குக் கீழே எழுதியபின்தான் வீட்டுப் பிள்ளை சொன்னாள்: “இது அம்மான்ர கொப்பி.”

அவளுடைய பழைய கொப்பி கண்காட்சி மேசையில் இருக்கிறது. மெதுவாகப் புரட்டுங்கள், வேப்பம்பூ உதிரும்.