மருத்துவச் சீட்டும் கணினிப் பதிவும்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருவெள்ளறையிலிருந்து திருச்சி அரசு மருத்துவமனைக்குச் செல்லும் நம்மவர் கையில் ஒரு பை இருக்கும். மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் அதற்குள்தான். பை வீட்டில் தங்கிவிட்டால் பரிசோதனையும் மறுபடி, செலவும் மறுபடி. பென்சிலின் ஒவ்வாதவர் நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்பட்டால், அதை எடுத்துச் சொல்ல ஆளிருக்காது. இக்குறையைப் போக்க வந்ததே மின்னணு மருத்துவப் பதிவேடு.

2021 செப்டம்பர் 27 அன்று மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தை நாடு முழுமைக்கும் தொடங்கியது. அதில் வழங்கப்படும் 14 இலக்க எண்ணே ‘ஆபா’. நம் குறிப்புகள் யாவும் டில்லியில் குவிக்கப்படுவதாகப் பலர் அஞ்சுகின்றனர், அவ்வாறன்று. எழுதிய மருத்துவமனையிலேயே அவை இருக்கும். நாம் ஒப்புதல் அளித்தால் பிற மருத்துவர் பார்க்கலாம். ஆனால் இரு மருத்துவமனைகளும் இத்திட்டத்தில் இணைந்திருக்க வேண்டும். பழைய பையிலுள்ள தாள்கள் தாமாக அதில் ஏறிவிடா.

நம் வீடுகளுக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. ஒருவரே ஆதாரில் முகமது, பாஸ்போர்ட்டில் முஹம்மத், மருத்துவமனைச் சீட்டில் வெறும் ‘மு.’ என்றிருப்பார். ஆங்கில எழுத்துக் கூட்டலோ ஊழியருக்கு ஊழியர் மாறும். மனிதர் பார்த்தால் ஒருவரே என்று புரிந்துகொள்வார். கணினி மூவராகவே கொள்ளும். ஒருவரது சர்க்கரை நோய்க் குறிப்பு ஓரிடத்திலும் இருதயக் குறிப்பு வேறிடத்திலும் கிடக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஒரே பெயருடைய இருவரின் குறிப்புகள் கலந்துவிடுவது. நம் தெருவிலேயே ஒரு பெயரில் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பாருங்கள்!

ஒப்புதலுக்கான ரகசிய எண் கைப்பேசிக்கு வரும். பதிந்த எண் வளைகுடாவில் இருக்கும் மகனுடையதாயின், இங்கே மருத்துவர் முன் அமர்ந்திருக்கும் தாயார் என்ன செய்வார்? அத்துடன், ஒரு பெண்ணின் நோய்க் குறிப்பை அவரறியாமல் பிறர் பார்த்துவிடும் அச்சமும் நியாயமானதே.

கணினி முடங்குவதும் உண்டு. 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகிப் பல நாட்கள் கையெழுத்திலேயே பணிகள் நடந்தன.

ஆதலால் பையைப் பத்திரமாகவே வையுங்கள். ஒவ்வாத மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதி முன்பக்கம் வையுங்கள். ஆபா எண் எடுக்க விரும்புவோர் ஆதாரிலுள்ள பெயரையும் கைப்பேசி எண்ணையும் முதலில் சரிபார்த்துவிட்டுச் செல்லவும்.