கணக்கு யாருக்கு வராது?



இலக்கிய மேடையில் கணக்குப் பாடத்தைப் பேசலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். நம் பிள்ளைகளைப் பற்றி ஓயாமல் சொல்லப்படும் கதைகளில் ஒன்று, ‘இதுங்களுக்குக் கணக்கு வராது’ என்பது. அந்தக் கதையைக் கேள்வி கேட்பதும் இலக்கிய அமைப்பின் வேலைதான்.

அந்தக் கதை இன்று மரியாதையான மொழியில் வருகிறது. ‘ஆர்வம் இல்லை, அடித்தளம் இல்லை, வீட்டில் படிக்கும் சூழல் இல்லை’ என்கிறார்கள். சாதியின் பெயரை எடுக்காமலே சாதியைப் பேசுகிற மொழி இது. ஆய்வுகள் இதை ஏற்கின்றனவா என்று பார்ப்போம்.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற பொருளாதார ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். ஆதிக்கச் சாதிச் சிறுவர்கள் 321 பேர், தலித் சிறுவர்கள் 321 பேர். தாளில் வரைந்த புதிர்ப்பாதைகளில் வழி கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்தால் காசு. யார் என்ன சாதி என்று அறிவிக்காத குழுக்களில் இரு தரப்பும் சமமாகவே செய்தார்கள். பெயர், ஊர், அப்பா பெயர், சாதி என்று எல்லார் முன்னும் வாசித்த குழுக்களில் தலித் சிறுவர்கள் பெரிதும் பின்தங்கினார்கள். பிள்ளைகளின் திறமையில் வித்தியாசம் இல்லை. வாசிக்கப்பட்ட அந்தப் பட்டியல்தான் வித்தியாசத்தை உண்டாக்கியது.

புதிர்ப்பாதை கணக்குப் பாடம் அல்ல. ஆனால் அந்தப் பட்டியல் நமக்குத் தெரியும். உதவித்தொகைப் படிவம் வந்த அன்று, ‘எஸ்.சி. எல்லாம் எழுந்திரு’ என்ற குரலுக்கு எழுந்து நின்றவர்கள் நாம். அடுத்த வகுப்பு கணக்கு என்றால், அந்தப் பிள்ளையின் மனம் கரும்பலகையில் எப்படி நிற்கும்?

1972இல் பம்பாயில் எழுந்த தலித் சிறுத்தைகள், அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத் தம் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். கறுப்பின மக்களின் அனுபவத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னும் இருக்கிறது.

1970களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் நுண்கணிதத்தில் தோற்றார்கள். அங்கும் ஆசிரியர்கள் சொன்ன காரணங்கள் இவைதாம்: ஊக்கம் இல்லை, தயாரிப்பு இல்லை, குடும்ப ஆதரவு இல்லை. யூரி ட்ரைஸ்மன் என்பவர் 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன அமெரிக்க மாணவர்களையும் பின்தொடர்ந்து, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கவனித்தார். சொல்லப்பட்ட காரணங்கள் எதுவும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் கடுமையாகத்தான் உழைத்தார்கள், ஆனால் தனியாக. சீன மாணவர்கள் தனியே படித்தபின் கூடி உட்கார்ந்து, ஒருவர் போட்டதை மற்றவர் சரிபார்த்தார்கள்.

ட்ரைஸ்மன் ‘பின்தங்கியோருக்கான சிறப்பு வகுப்பு’ நடத்தவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்து, கூடிப் போடச் சொன்னார். அதில் சேர்ந்த கறுப்பின மாணவர்கள், சேராத வெள்ளை மாணவர்களையும் மிஞ்சினார்கள்.

மிசிசிப்பியில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் போராடிய பாப் மோசஸ், 1982இல் இயற்கணிதத் திட்டத்தைத் தொடங்கினார். வாக்குரிமை போலவே இயற்கணிதமும் ஒரு குடியுரிமை என்பது அவர் வாதம். அதில் தவறும் மாணவருக்கு மேற்படிப்பும் நல்ல வேலையும் எட்டாமல் போகின்றன.

ஆகவே நம் கோரிக்கையைத் திருத்திக்கொள்வோம். ‘எங்கள் பிள்ளைகளுக்கு எளிதாக்கிக் கொடுங்கள்’ என்று நாம் கேட்க வேண்டியதில்லை. வகுப்பில் சாதிப் பட்டியல் வாசிக்காதே என்று கேட்போம். கடினமான கணக்கை எங்கள் பிள்ளைகளுக்கும் கொடு என்று கேட்போம்.

அரசிடம் கேட்பதோடு நிற்கவும் வேண்டாம். நம் குடியிருப்புகளில் மாலை வகுப்புகள் நடக்கின்றன. விடுதிகளில் நம் மாணவர்கள் ஒரே அறையில் தங்குகிறார்கள். கல்லூரி மாணவர்களே, வாரத்தில் இரண்டு மாலை அங்கே போய் உட்காருங்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள். நான்கு பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து ஒரு கணக்கைக் கொடுங்கள். அவர்கள் சண்டை போட்டு விடை காணட்டும்.

ஜெய்பீம்.