கையொப்பத் தொகை

நெருளிலுள்ள டி. ஒய். பாட்டீல் அரங்கில்தான் 2014-ஆம் ஆண்டு மும்பை சிட்டி கழகம் தன் உள்ளூர் ஆட்டங்களை ஆடியது. அத்தகைய காற்பந்துக் கழகமொன்று உங்கள் மகனிடம் ஒப்பந்தத்தை நீட்டினால், முதலில் கண்ணில் படுவது கையொப்பத் தொகையே. உடனே பேனாவை எடுக்கத் தோன்றும், சற்றுப் பொறுங்கள். அது மாதச் சம்பளமன்று. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்காகத் தருவது. முந்தைய ஒப்பந்தம் முடிந்து வருபவனுக்கு அது மிகுதியாகவும் இருக்கும். பழைய கழகத்துக்கு மாற்றுக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லையல்லவா? ஆயின் தொகை தவணைகளாக வரலாம். இடையில் விலகினால் திருப்பிக் கேட்கும் விதியும் உள்ளே இருக்கலாம்.

உலகச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதிப்படி, ஒப்பந்தம் பொதுவாக 5 ஆண்டுக்கு மேற்படலாகாது. 18 வயது நிரம்பாதவனுக்கு 3 ஆண்டே. கழகம் இரு மாதச் சம்பளத்தை முறையின்றி நிறுத்தினால், எழுத்தில் அறிவித்து, குறைந்தது 15 நாள் அவகாசம் தந்தபின் விலகலாம். அவ்வறிவிப்பின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள்.