மழலையர் உள்ளத்தில் விளையும் பண்பு



உப்பளங்கள் சூழ்ந்த வேதாரண்யத்தில் வாழும் நாம் அறிந்ததே: பாத்தியின் தரை சேறாயிருந்தால் உப்பில் மண் கலக்கும், வாரிய பின் அதைப் பிரிப்பது பெரும்பாடு. மூன்று முதல் ஆறு வயதுவரை குழந்தையின் உள்ளமும் இத்தகையதே.

1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார், குழந்தை தன் வேலையைத் தானே செய்து பழக வேண்டுமென்று போதித்தார். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்படி, அங்கன்வாடியில் உணவோடு முன்பருவக் கல்வியும் கிடைக்கிறது. தன் தட்டைத் தானே கழுவவும், முறை வரும்வரை காத்திருக்கவும் பிள்ளை அங்கே பழகுகிறது.

வீட்டிலோ, கடன் கேட்டு வந்தவரிடம் "அப்பா இல்லையென்று சொல்" என்று அதே பிள்ளையை அனுப்புகிறோம். மறுநாள் அது பொய் சொன்னால் அடிக்கிறோம்!

பங்குக் குருவாகிய நாம் வீடு சந்திக்க வரும்போது, சில பிள்ளைகள் அலறித் தாயின் சேலைக்குள் ஒளிகின்றன. "சாப்பிடாவிட்டால் சாமியாரிடம் பிடித்துக் கொடுப்பேன்" என்று பயங்காட்டியதன் பலன் இது. திருப்பலியில் சத்தமிட்ட சிறுவரை நாமும் அதட்டியதுண்டு. அது நம் குற்றமே. பயத்தால் வந்த ஒழுக்கம், பயமுறுத்தியவர் அகன்றதும் அகன்றுவிடும்.

பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நினைவூட்டியது. ஆகவே ஒன்று செய்வோம். பிள்ளைக்குத் தவறிழைத்தால், இரவுச் செபம் முடிந்ததும் அதனிடமே மன்னிப்புக் கேட்போம். மன்னிக்கவும் உண்மை பேசவும் அது அங்கேதான் கற்கும்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக!