மழைக்காட்டில் ஒலிக்கும் எச்சரிக்கைக் குரல்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் தலைவர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

பறவைகளையும் நம்மைப் போன்ற சமுதாயங்களாகக் காணுமாறு அல்குர்ஆன் நமக்குக் கற்றுத் தருகிறது (6:38). ஒரு சமுதாயத்தை அறிய வேண்டுமாயின் அதன் மத்தியில் ஒரு நாளையாவது கழிக்க வேண்டுமல்லவா? ஆகவே, ஒரு நாளை ஒதுக்கிக் கொண்டு சிங்கராஜ வனத்திற்குச் சென்று வாருங்கள்.

இரத்தினபுரி, காலி, மாத்தறை ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இம்மழைக்காடு, 1988 ஆம் ஆண்டு உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இங்கு மரங்கள் வெட்டப்பட்டன. மக்கள் எழுப்பிய எதிர்ப்புக் குரலாலேயே அவ்வெட்டு நிறுத்தப்பட்டது. உரிய நேரத்தில் எழுந்த குரலால் காப்பாற்றப்பட்ட காடு இது என்பதை மனதில் இருத்திக் கொள்ளுங்கள்.

சுப்ஹுத் தொழுகையை முடித்துக் கொண்டு, வழிகாட்டியுடன் குடாவ வாயிலினூடாக உள்ளே நுழைகிறீர்கள். பாதையெங்கும் ஈரம்; காலில் அட்டைகள் ஏறுகின்றன. அரை மணி நேரம் நடந்தும் ஒரு பறவையேனும் கண்ணில் படாமல் போகலாம். "இக்காட்டில் பறவைகளே இல்லையா?" என்று நீங்கள் எண்ணும் வேளையில் வழிகாட்டி கையை உயர்த்தி நிற்கச் சொல்கிறார். சற்று நேரத்தில் மரங்களெல்லாம் உயிர் பெற்று விடுகின்றன!

செம்மஞ்சள் அலகுடைய தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கீச்சிட்டவாறு இலைகளைக் கிளறி வருகின்றன. உயர்ந்த கிளைகளில் செம்முகப் பூங்குயில் தாவுகிறது. அவற்றோடு நெற்றியில் சிறு கொண்டையும், பிளவுபட்ட நீண்ட வாலும் கொண்ட கரிச்சான் வருகிறது. வெவ்வேறு இனங்கள், வெவ்வேறு மொழிகள், ஆனால் பயணமோ ஒன்று! பேராசிரியர் சரத் கொட்டகம முதலானோர் 1981 முதல் இக்கூட்டங்களை ஆராய்ந்துள்ளனர். ஒரு கூட்டத்தில் சராசரியாக 10 க்கும் மேற்பட்ட இனங்களைச் சேர்ந்த 40 பறவைகளளவில் இருக்கும் என அவர்கள் கண்டனர்.

இவை ஏன் ஒன்றுகூடுகின்றன? தவிட்டுக்குருவிகள் கிளறும்போது வெளிப்படும் பூச்சிகளைக் கரிச்சான் பிடித்துக் கொள்கிறது. வல்லூறு போன்ற எதிரி வருமாயின் எச்சரிக்கை ஒலி எழுகிறது. அதைக் கேட்டு எல்லா இனங்களும் ஒளிந்து கொள்கின்றன. ஒருவரின் உழைப்பு மற்றவருக்கு உணவாகிறது; ஒருவரின் விழிப்பு மற்றவருக்குப் பாதுகாப்பாகிறது.

இங்கே ஓர் அரிய உண்மை இருக்கிறது. 2005 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், அதிகமாக எச்சரிக்கை ஒலி எழுப்புபவை தவிட்டுக்குருவிகளே என்றும், எனினும் நம்பகத்தன்மை மிக்கது கரிச்சானின் குரலே என்றும் கண்டறியப்பட்டது. அதிகம் சத்தமிடுபவரின் செய்திதான் உண்மையானது என்று எண்ணி விடாதீர்கள்!

அதே கரிச்சான் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பறவை தென்னாப்பிரிக்காவின் கலஹாரிப் பகுதியில் வாழ்கிறது. அது சில வேளைகளில் எதிரி இல்லாத போதும் பொய்யாக எச்சரித்து, ஏனைய பிராணிகள் அஞ்சி விட்டோடிய உணவைக் கவர்ந்து கொள்கிறது. ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் மற்றவை செவிசாய்ப்பதில்லை. எனவே அது வேறு குரலுக்கு மாறிக் கொள்கிறது! பறவையின் மீது குற்றமில்லை. அது தன் இயல்பின்படி வாழ்கிறது. விசாரணைக்கு உரியவன் மனிதன்தான்.

சகோதரர்களே! ஹுத்ஹுத் பறவையின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். ஸபா நாட்டிலிருந்து அது உறுதியான செய்தியையே கொண்டு வந்தது. எனினும் சுலைமான் (அலை) அவர்கள் அதை அப்படியே ஏற்றுவிடவில்லை. உண்மையா, பொய்யா என்று விசாரித்தறிய முற்பட்டார்கள் (27:20-28). செய்தி கிடைத்தால் தீர விசாரிக்க வேண்டும் என்ற கட்டளையும் நமக்கு இருக்கிறது (49:6).

இக்கட்டளையை உலகம் மறந்தபோது விளைந்தது என்ன? 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில், முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாக ஒரு வதந்தி பரவியது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. பின்னர் அரச பரிசோதனையில் அது வெறும் மாவுப் பொருள் என்பது தெரிய வந்தது. உண்மை வந்து சேர்ந்தது. ஆனால் உடைந்தவை உடைந்தவைதான்!

அதற்காக வாய்மூடி இருந்து விடலாமா? கூடாது. 2019 ஏப்ரல் 21 அன்று 260 க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த தாக்குதலுக்கு முன்னரே, அக்கும்பலின் தலைவனைப் பற்றி முஸ்லிம்கள் அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர். உளவுத் தகவலும் கிடைத்திருந்தது. உரியவர்கள் செயற்படவில்லை. அவர்கள் கடமை தவறியதை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பாகவே உறுதிப்படுத்தியது. பொய் எச்சரிக்கை எவ்வளவு ஆபத்தானதோ, உண்மை எச்சரிக்கையைப் புறக்கணிப்பதும் அவ்வளவு ஆபத்தானது.

எனவே, அன்பானவர்களே! கைப்பேசியில் ஒரு செய்தி வந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதைச் சொன்னவர் யார்? இதை அவர் கண்டாரா, கேட்டாரா? இது பொய்யாயின் யாருடைய வீடு எரியும்? பதில் தெரியாதபோது உங்கள் விரலை அடக்கிக் கொள்ளுங்கள். உண்மையான ஆபத்தைக் கண்டாலோ, அது நம்மவரிடமிருந்தே வந்தாலும், அஞ்சாமல் உரியவரிடம் எடுத்துரையுங்கள். கரிச்சான் தன் இனத்திற்கு மட்டும் எச்சரிக்கை செய்வதில்லை. அதன் குரலால் கூட்டத்திலுள்ள எல்லா இனங்களும் பயன்பெறுகின்றன. நமது குரலால் அண்டை வீட்டுச் சிங்களவரும் தமிழரும் பயன்பெறுகிறார்களா?

வல்ல அல்லாஹ் நம் நாவுகளையும் விரல்களையும் பொய்யிலிருந்து பாதுகாப்பானாக! அயலவர் நம்பி வாழக்கூடிய சமுதாயமாக நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.