பங்குச் சந்தையும் பகுத்தறிவும்
(சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பங்குச் சந்தை என்பதாகும். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலர், "இது பணக்காரர் சங்கதி, நமக்கு இதில் என்ன வேலை?" என்று நினைக்கக்கூடும். 20 வருஷத்திற்கு முன் அப்படி நினைத்திருந்தால் அதில் பெரிய தப்பில்லை. இன்றைய நிலைமையோ வேறு. 2020 மார்ச்சில் நம் நாட்டில் பங்குகளை வைத்துக் கொள்ளுவதற்கான டிமாட் கணக்குகள் சுமார் 4 கோடி இருந்தன. 2025இல் அவை 20 கோடியைத் தாண்டிவிட்டன. ஒருவரே இரண்டு மூன்று கணக்கு வைத்திருப்பதைக் கழித்துப் பார்த்தாலும், இந்தச் சந்தை இன்று நமது பிள்ளைகளின் சட்டைப் பையிலிருக்கும் செல்போனுக்கே வந்துவிட்டது என்பதை யாரும் மறுக்க முடியாது. வந்துவிட்ட ஒன்றை இன்னதென்று தெரிந்து கொள்ளாமல் கும்பிடுவதும் தவறு. தெரிந்து கொள்ளாமல் காறித் துப்புவதும் தவறு. ஆராய்ந்து பார்ப்பதே அறிவுடைமையாகும்.

நான் கல்லூரியில் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கியவனல்ல. பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி என்னும் சபை வெளியிட்ட அறிக்கைகளை வாசித்தும், விளங்காததைத் தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிந்து கொண்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

பங்கு என்றால் என்ன?

ஒரு ஊரில் 100 பேர் ஆளுக்கு 10,000 ரூபாய் போட்டு ஓர் எண்ணெய் ஆலை வைக்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். முதல் 10 லட்சம் ரூபாய். அந்த ஆலையில் ஒவ்வொருவரும் நூற்றில் ஒரு பாகத்துக்குச் சொந்தக்காரர். லாபம் வந்தால் பாகத்திற்குரிய லாபம் உண்டு. ஆலை திவாலானால் போட்ட 10,000 போகும். அதற்கு மேல் அவர் வீட்டையோ நிலத்தையோ ஆலையின் கடன்காரன் தொட முடியாது. இதுதான் பங்கு, ஷேர் என்பதெல்லாம். இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை.

இந்த 100 பேரில் ஒருவருக்குத் திடீரென்று பணம் தேவைப்படுகிறது. ஆலையில் போய், "என் பங்குக்குச் செக்கில் ஒரு துண்டை வெட்டிக் கொடு" என்று கேட்க முடியுமா? முடியாது. ஆனால் தன் பாகத்தை வேறொருவருக்கு விற்கலாம். அப்படி விற்கவும் வாங்கவும் ஏற்பட்ட இடம்தான் பங்குச் சந்தை.

1602இல் ஹாலந்து தேசத்தில் ஏற்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனி, அதாவது நமது பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் பின்னால் வந்து வியாபாரம் செய்த அதே டச்சுக் கம்பெனி, ஜனங்களிடம் முதல் திரட்டிற்று. போட்ட பணத்தைக் கம்பெனி உடனே திருப்பித் தராது. ஆகவே பங்குக்காரர்கள் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் தங்கள் பங்குகளை ஒருவருக்கொருவர் விற்கத் தொடங்கினார்கள். 1792இல் நியூயார்க்கில் வால் தெருவிலிருந்த ஒரு மரத்தின் பேரால் 24 தரகர்கள் ஓர் ஒப்பந்தம் செய்து கொண்டார்கள். பம்பாயிலும் தரகர்கள் முதலில் ஆலமரத்தடியில் கூடித்தான் வியாபாரம் செய்தார்கள். 1875இல் சங்கம் அமைத்துக் கொண்டார்கள். சென்னையில் 1937இல் ஏற்பட்ட சந்தை 2015இல் மூடப்பட்டது. இன்றைய வியாபாரம் பெரும்பாலும் பம்பாயிலுள்ள இரண்டு சந்தைகளில், கம்ப்யூட்டர் யந்திரத்தின் மூலமாகவே நடக்கிறது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நீங்கள் சந்தையில் ஒரு கம்பெனியின் ஷேரை வாங்கினால் உங்கள் பணம் அந்தக் கம்பெனிக்குப் போய்ச் சேருவதில்லை. விற்றவனுக்குப் போகிறது. கம்பெனி புதிதாகப் பங்கு வெளியிடும்போதுதான் பணம் கம்பெனிக்குப் போகும். அப்படியானால் சந்தையினால் கம்பெனிக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். வேண்டும்போது விற்றுக் கொள்ளலாம் என்ற தைரியம் இருப்பதால்தான் ஜனங்கள் முதலில் பணம் போட முன்வருகிறார்கள். அந்த அளவுக்குப் பங்குச் சந்தை உபயோகமான ஏற்பாடேயாகும். அதைப் பாவம் என்று நான் சொல்ல வரவில்லை.

விலை எங்கிருந்து வருகிறது?

நம் ஊர் மாட்டுச் சந்தையைப் பார்த்திருப்பீர்கள். தரகர்கள் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பங்குச் சந்தையில் அந்தத் துண்டு கிடையாது. இன்ன விலைக்கு வாங்க இத்தனை பேர், இன்ன விலைக்கு விற்க இத்தனை பேர் என்று யந்திரத்தில் பகிரங்கமாகத் தெரியும். இரண்டு விலையும் எங்கே சந்திக்கிறதோ அங்கே வியாபாரம் முடிகிறது. அதுதான் அந்த நிமிஷத்து விலை.

ஆகவே விலை என்பது மாட்டின் முதுகில் எழுதியிருப்பதல்ல. இருவர் ஒப்புக்கொண்ட ஓர் எண், அவ்வளவுதான். இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு ஏற்படுகிறது. "இது ஏறும்" என்று நீ வாங்கும் ஒவ்வொரு பங்கையும், "இதை வைத்துக் கொண்டிருக்க வேண்டாம்" என்று நினைத்து ஒருவன் விற்கிறான். அவன் யார்? அவனுக்குத் தெரிந்தது என்ன? உனக்குத் தெரிந்தது என்ன? இந்தக் கேள்வியை மட்டும் எல்லோரும் கேட்டுக் கொண்டால் நாட்டில் பாதி மோசடி ஒழிந்து போகும் என்பது எனது உறுதியான அபிப்பிராயம்.

நல்ல நேரமும் யோகியும்

தீபாவளிப் பண்டிகையன்று நம் சந்தைகள் முகூர்த்த வியாபாரம் என்று சுமார் ஒரு மணி நேரம் திறக்கின்றன. அந்த நேரத்தில் வாங்கினால் வருஷமெல்லாம் லாபம் என்பது நம்பிக்கை. தோழர்களே! அதே முகூர்த்தத்தில், அதே விநாடியில், ஒருவன் விற்றால்தானே மற்றவன் வாங்க முடியும்? வாங்கினவனுக்கு அது நல்ல நேரம் என்றால் விற்றவனுக்கு அது என்ன நேரம்? இராகு காலமா? இதற்கு எந்தப் பஞ்சாங்கத்திலாவது பதில் இருக்கிறதா என்று கேட்கின்றேன்.

படிக்காதவர்கள்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். இந்தியாவின் பெரிய பங்குச் சந்தையாகிய தேசியப் பங்குச் சந்தையின் தலைமை அதிகாரியாக 2016 வரை இருந்தவரைப் பற்றி 2022 பிப்ரவரியில் செபி ஓர் உத்தரவு வெளியிட்டது. சந்தையின் இரகசியக் கணக்குகளையும் திட்டங்களையும் அவர் முகந்தெரியாத ஒரு 'யோகி'க்கு ஈமெயிலில் அனுப்பி யோசனை கேட்டு வந்தார் என்பது அதில் கண்டது. அந்த யோகி யார் என்று கேட்டதற்கு, அவர் பெரும்பாலும் இமயமலையில் சஞ்சரிக்கும் சித்தபுருஷர், நினைத்தபோது தோன்றுவார் என்று பதில் வந்ததாம். நினைத்தபோது தோன்றுகிறவருக்கு ஈமெயில் விலாசம் எதற்கு? கோடிக்கணக்கான ஜனங்களின் சேமிப்பு புழங்கும் இடத்தின் நிர்வாகம் இந்த இலட்சணத்தில் இருந்தது என்றால், படிப்பு வேறு, பகுத்தறிவு வேறு என்பதற்கு இன்னும் என்ன ருஜு வேண்டும்?

விலை ஏறியதால் ஏறியவை

1860களில் அமெரிக்காவில் உள்நாட்டுச் சண்டை நடந்தபோது இங்கிலாந்துக்கு அமெரிக்கப் பருத்தி வராமல் போயிற்று. பம்பாய்ப் பருத்திக்குக் கிராக்கி ஏற்பட்டுப் பணம் வெள்ளமாக வந்தது. கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளின் பங்குகள் பல மடங்கு ஏறின. 1865இல் சண்டை நின்றது, பருத்தி விலை விழுந்தது, பங்குகளும் விழுந்தன. பம்பாய் பாங்கியே முழுகிப் போயிற்று.

1992க்கு வாருங்கள். ஹர்ஷத் மேத்தா என்ற தரகர், பாங்கிகளுக்குள் நடக்கும் சர்க்கார் கடன் பத்திர வியாபாரத்திலிருந்து பணத்தைத் திருப்பிப் பங்குகளில் கொட்டினார். ஏசிசி சிமெண்டுக் கம்பெனியின் ஷேர் சுமார் 200 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய் வரை போயிற்று. அதே சிமெண்டு, அதே சுண்ணாம்புக்கல், அதே தொழிலாளி. கம்பெனி அதற்குள் 45 மடங்கு பெரிதாகிவிட்டதா? இல்லை. ஏறுகிறது என்று வாங்கினார்கள், வாங்கியதால் ஏறியது. குட்டு வெளியானவுடன் விழுந்தது. செபிக்குச் சட்டப்படியான அதிகாரம் வந்ததும் அந்த வருஷத்தில்தான். பழைய சந்தைக்குப் போட்டியாகத் தேசியப் பங்குச் சந்தை அமைக்கப்பட்டதும் அந்த வருஷத்தில்தான். 1996இல் ஏற்பட்ட சட்டத்தினால் காகிதப் பத்திரம் போய் டிமாட் கணக்கு வந்தது. கள்ளப் பத்திரத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. இவையெல்லாம் நல்ல சீர்திருத்தங்களே. ஆனாலும் 2009 ஜனவரியில் சத்யம் கம்பெனியின் தலைவர், கணக்கிலிருந்த ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று தாமே எழுதிக் கொடுத்தார். அந்தக் கணக்குகளுக்குப் பெயர் பெற்ற தணிக்கையாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆகவே பெரியவர்கள் கையெழுத்தென்று எதையும் நம்பிவிட முடியாது என்பது விளங்கும்.

பங்கு வேறு, பந்தயம் வேறு

இப்பொழுது உங்கள் பிள்ளைகளைப் பிடித்திருக்கும் வியாதிக்கு வருகிறேன். அதன் பெயர் ஆப்ஷன். 50,000 ரூபாய் மாட்டை அடுத்த வாரத்திற்குள் அதே விலைக்கு வாங்கிக்கொள்ள 500 ரூபாய் கொடுத்து ஒருவன் உரிமை பெறுகிறான். அதற்குள் மாடு 52,000 ஆனால் அவனுக்கு லாபம். ஆகாவிட்டால் 500 ரூபாய் போயிற்று. விளைந்த நெல்லையோ வைத்திருக்கும் பங்கையோ விலை வீழ்ச்சியிலிருந்து காத்துக் கொள்ள நினைப்பவனுக்கு, இதேபோல் குறித்த விலைக்கு விற்கும் உரிமையைப் பெறும் ஏற்பாடு உதவும். ஆனால் மாடும் இல்லாமல், மாடு வாங்கும் எண்ணமும் இல்லாமல், விலை ஏறுமா இறங்குமா என்று மட்டும் 500 ரூபாய் கட்டினால் அதற்கு என்ன பெயர்? சேவற் சண்டையில் கட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இங்கே ஒருவன் லாபம் இன்னொருவன் நஷ்டம். எண்ணெய் ஆலை எண்ணெய் ஆட்டிச் சம்பாதிக்கும். பந்தயம் எதையும் ஆட்டுவதில்லை.

இது என் கற்பனையல்ல. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆராய்ச்சியைப் பாருங்கள். 2021-22 முதல் மூன்று வருஷங்களில் பியூச்சர், ஆப்ஷன் என்னும் இந்த வியாபாரத்தில் இறங்கிய தனி நபர்கள் ஒரு கோடிக்கு மேல். அவர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1 லட்சத்து 80 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். தரகுக் கூலி, சந்தைக் கட்டணம், வரி என்று மட்டும் சுமார் 50,000 கோடி. 2023-24இல் இதில் ஈடுபட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல், வருஷ வருமானம் 5 லட்சத்திற்குக் கீழ் என்று சொல்லியிருப்பவர்கள்.

எதிர்ப்பக்கத்தில் யார் என்று கேட்கச் சொன்னேனல்லவா? அதற்கும் அந்த அறிக்கையே பதில் சொல்லுகிறது. 2023-24இல் சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்யும் தரகு நிறுவனங்களுக்கு, செலவு கழிப்பதற்கு முன், லாபம் 33,000 கோடி. அந்நிய முதலீட்டு நிறுவனங்களுக்கு 28,000 கோடி. தனி நபர்களுக்கும் மற்றவர்களுக்கும் நஷ்டம் 61,000 கோடிக்கு மேல். 33ஐயும் 28ஐயும் நீங்களே கூட்டிப் பாருங்கள். அந்த லாபத்தில் நூற்றுக்கு 96, 97 பாகம் கம்ப்யூட்டர் தானாகவே வாங்கி விற்கும் முறையில் வந்தது. சந்தையின் யந்திரம் இருக்கும் கட்டடத்திலேயே வாடகைக்கு இடம் பிடித்துத் தங்கள் யந்திரத்தை வைத்திருக்கிறவர்களோடு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து செல்போனைத் தட்டுகிற நமது பையன் போட்டி போடுகிறான்!

2024 நவம்பர் முதல் செபி சில கட்டுப்பாடுகள் கொண்டு வந்தது. வாராந்தர ஆப்ஷனைச் சந்தைக்கு ஒன்று என்று குறைத்தது. ஒரு ஒப்பந்தத்தின் குறைந்த அளவை 15 லட்சமாக்கிற்று. அப்படியும் 2024-25இல் நூற்றுக்கு 91 பேருக்கு நஷ்டம். தொகை 1 லட்சத்து 5 ஆயிரம் கோடிக்கு மேல். 2025 ஜூலையில், நம் சந்தையின் குறியீட்டெண்ணைச் செயற்கையாக அசைத்து ஆப்ஷனில் சம்பாதித்ததாக ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மேல் செபி குற்றஞ்சாட்டி, 4,843 கோடி ரூபாயைக் கட்டச் சொல்லிற்று. அந்த நிறுவனம் குற்றத்தை மறுத்து மேல்முறையீடு செய்தது. தீர்ப்பு எதுவானாலும், எவ்வளவு பெரிய கை எதிர்ப்பக்கத்தில் இருக்கக்கூடும் என்பதற்கு அந்தத் தொகையே போதும்.

சர்க்காரையும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. லாட்டரிச் சீட்டு ஏழையைக் கெடுக்கிறது என்று தமிழ்நாட்டில் 2003இல் தடை செய்தார்கள். சரி. ஆனால் லாபக்காரனிடமும் நஷ்டக்காரனிடமும் ஒன்றுபோல் வரி வாங்கிக்கொண்டு இந்தப் பந்தயத்தை நடக்க விடுவது மட்டும் என்ன நியாயம்? "நஷ்டம் வரலாம், ஜாக்கிரதை" என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டால் பொறுப்புத் தீர்ந்துவிடுமா?

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே! நாளைக்கு எது ஏறும் என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் ஆருடம் சொல்லுகிறவனை ஒன்று கேளுங்கள். "உனக்கு அது தெரியுமானால் பேசாமல் நீயே வாங்கிக் கோடீசுவரன் ஆகாமல், என்னிடம் மாதம் 999 ரூபாய்க்கு ஏன் விற்கிறாய்?" என்று கேளுங்கள். பதில் சொல்லமாட்டான். யோசனை சொல்லுகிறவன் செபியில் பதிவு பெற்றவனா என்பதைச் செபியின் வெப்சைட்டிலேயே பார்க்கலாம். பதிவு பெற்றவன்கூட இவ்வளவு லாபம் நிச்சயம் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அவன் புரட்டன் என்று அங்கேயே எழுந்து விடுங்கள்.

ஒரு கம்பெனியின் பாகஸ்தனாக விரும்பினால் அது என்ன செய்கிறது, எதில் சம்பாதிக்கிறது, எவ்வளவு கடன் வைத்திருக்கிறது என்று அதன் வருஷாந்தர அறிக்கையை வாசியுங்கள். வாசிக்கத் தெரிந்தவரைக் கொண்டு வாசிக்கச் செய்யுங்கள். அவசரத்திற்கு வேண்டிய பணத்தைப் போடாதீர்கள். நகையை அடகு வைத்தோ கடன் வாங்கியோ போடாதீர்கள். ஆப்ஷன் பக்கமே போகாதீர்கள். முக்கியமாகத் தாய்மார்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். வீட்டுப் பணம் எங்கே போகிறது என்று கேட்பது உங்கள் உரிமை. "உனக்கு ஒன்றும் தெரியாது" என்று ஆண்கள் சொன்னால், "தெரிந்த 100 பேரில் 91 பேர் தோற்றார்களாமே, அந்த 91இல் நீயும் ஒருத்தனா?" என்று தைரியமாய்க் கேளுங்கள்.

நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். நான் சொன்ன எண்கள் செபியின் அறிக்கைகளில் இருக்கின்றன. உங்கள் ஊர் வாசகசாலையில் நாலு பேர் கூடி உட்கார்ந்து, அவற்றை எடுத்து வாசித்து, உங்கள் சொந்த அறிவைக் கொண்டு ஆலோசித்து, சரியென்று பட்டதை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.