அனிச்சையும் தெறிவினையும்
(வலையபட்டியில் ஆற்றிய உரை)



என் வகுப்பில் ஒரு சிறுவன் பக்கத்திலிருந்தவனை அடித்துவிட்டான். ஏனடா என்றேன். ‘அனிச்சையாக நடந்துவிட்டது, ஐயா’ என்றான். சொல் பாடநூலில் உள்ளதுதான். பொருளையோ அவனுக்கு எவரும் உணர்த்தவில்லை.

மோந்தால் வாடும் அனிச்சப் பூவிலிருந்து அச்சொல் பிறந்ததெனக் கற்றோரும் மயங்குகின்றனர். வள்ளுவர் நான்கு குறட்பாக்களில் ஆண்ட அனிச்சம் வேறு, இது வேறு. இச்சை என்னும் வடசொல்லின்முன் ‘அன்’ என்னும் எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்தது அனிச்சை. விருப்பமின்மை என்பதே அதன் பொருள். அறியாமை என்னும் பொருள் அதில் எள்ளளவும் இல்லை.

விருப்பமின்மையும் அறியாமையும் ஒன்றாகா. தும்முகிறவன் விரும்பித் தும்முவதில்லை. ஆனால் தும்முவதை அறிவான். சுடுகலத்தைத் தொட்ட கை வெடுக்கென மீள்கிறது. மூளை சூட்டை உணருமுன்பே தண்டுவடம் கையை மீட்டுவிடுகிறது. இதனை ஈழத்துப் பாடநூல்கள் தெறிவினை என்று அழகுற வழங்குகின்றன. மறிவினை என்பாரும் உளர். வேறு நினைவில் நடந்தும் கால் வீடு வந்து சேர்கிறதே, அது பழக்கம். அதனையே ‘தன்னையறியாமல்’ என்கிறோம். மகிழ்ச்சி மயக்கத்தில் கடமையை மறப்பது பொச்சாப்பு. அதனைக் கடிய வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார்.

இத்தனை வேறுபாட்டையும் ஒரே வடசொல்லுக்குள் திணித்தால் வரும் கேடு யாது? செய்தவன் பொறுப்பு மறைந்துபோகும். சினந்து ஓங்கிய கையும் சுட்டு மீண்ட கையும் ஒன்றாகிவிடும்!

நம் செட்டிநாட்டு மேலைச்சிவபுரியில் 1917-இல் பிறந்தவர் மூதறிஞர் வ.சுப. மாணிக்கனார். இளமையில் இரங்கூனில் வேலை பார்த்தபோது, வருவாய் வரி அலுவலரிடம் முதலாளி இல்லையெனச் சொல்லுமாறு அவரை ஏவினர். அவர் மறுத்தார், வேலையை இழந்தார். அச்சத்தில் வாய் தானாகவே பொய் சொல்லிவிட்டது என்பார்க்கு அவர் வாழ்வே மறுமொழி. பொய் தெறிவினையன்று, அறிந்து செய்வது.

இவற்றை விளக்கியபின் அச்சிறுவனைக் கேட்டேன்: ‘தெறிவினையா, சினமா?’ தலைகுனிந்து, ‘சினந்தான், ஐயா’ என்றான். பின் தானே எழுந்துபோய் அடிபட்டவன் கையைப் பற்றிக்கொண்டான். சொல் தெளிந்தது, உள்ளமும் தெளிந்தது.

பெற்றோரே, பிள்ளைகளுக்குப் பொருள் விளங்கும் சொற்களைக் கொடுங்கள். தம் செயலைத் தாமே அறிந்து ஒப்புவார்கள்.

வாழ்க தமிழ்!